அம்மாவின் குரலுக்குப் போட்ட பெல்ட்டுகள்

ஒருவர் தன் மனைவியின் குரலைக் கேட்டுவிட்டு "இது அவ இல்ல" என்று சொன்னால், பழுது அவருடைய நினைவிலா, குரலைத் தரும் இயந்திரத்திலா? மாதக்கணக்காக இந்தக் கேள்வியோடுதான் எழும்புகிறேன். இதோடுதான் படுக்கிறேன். விடை தெரியவில்லை.

சொன்னவர் என் அப்பா. குரல் என் அம்மாவுடையது. நான் தவழ்ந்து திரிந்த வயதில் அம்மா காய்ச்சல் கண்டு இறந்துபோனார். அவருடைய முகத்தை எனக்குப் படங்களில் தெரியும். குரல் தெரியாது. ஆகவே சரி பிழை சொல்லும் தகுதி எனக்கும் இல்லை.

எங்கள் வீடு வாவிக்கரையில், அமிர்தகழிக்குக் கிட்ட இருக்கிறது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். இந்த வீட்டை அம்மாவுக்குச் சீதனமாக எழுதினார்கள். அப்பா இங்கே வந்த மாப்பிள்ளை. பிறகு வீடு என் பெயருக்கு மாறியது, என் கணவர் வந்த மாப்பிள்ளை ஆனார். அவர் உடுப்புப் பெட்டியோடு வந்து இறங்கிய அன்று அப்பா வாசல் கேற்றடியில் நின்று வரவேற்றது நன்றாக நினைவிருக்கிறது.

"வாங்க மருமகன். நானும் இஞ்ச வந்து குந்தின ஆள்தான். இது என்ட வீடில்ல, பொண்டாட்டிட வீடு. சத்தம் போடாம ஒரு மூலையில இருந்துக்குங்க, சோறு கிடைக்கும்."

அந்தப் பகிடியை அப்பா ஆயுள் முழுக்கச் சொல்லி வந்தவர். வந்தவர் போனவர் எல்லோருக்கும் சொல்லுவார்.

சென்ற வருடம் ஒரு பின்னேரம் அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு கேற்றடியில் வந்து நின்றார்.

"வீட்ட போவமா புள்ள? பொழுது படுது."

"இதுதானே அப்பா வீடு."

"இது என்ட வீடில்லயே."

நான் சிரித்தேன். பழைய பகிடி என்றுதான் நினைத்தேன். கணவர் சிரிக்கவில்லை. மறுநாளும் அதே நேரம், அதே சட்டை, அதே கேற்றடி. பகிடியா, உண்மையாகவே கேட்கிறாரா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு நாள் பாண் வாங்கப் போய்வந்து, கடை பூட்டு என்று வெறுங்கையோடு நின்றார். விசாரித்தால் அன்று கடை உண்மையிலேயே பூட்டித்தான் இருந்தது. தேத்தண்ணிக்கு உப்புப் போட்டார். நானும் ஒரு தடவை அப்படிப் போட்டிருக்கிறேன், பிள்ளை பிறந்த புதிதில், தூக்கமில்லாமல். எந்த அடையாளத்தை எடுத்தாலும் அதற்கு இன்னொரு காரணமும் பக்கத்திலேயே இருந்தது.

"ஆஸ்பத்திரியில ஒருக்காக் காட்டுவம்" என்றார் கணவர்.

"கொஞ்சம் பொறுங்க" என்றேன். எதற்குப் பொறுக்கச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

பழைய குரல்கள், பழைய பாட்டுகள் இப்படிப்பட்டவர்களுக்கு உதவும் என்று எங்கோ வாசித்த ஞாபகம். அலுமாரிக்கு மேலே துணியில் சுற்றி, நாடாச் சுருளில் குரல் பதியும் பழைய ஸ்பூல் ரேப் ரெக்கோடர் ஒன்று என் நினைவு தெரிந்த நாளிலிருந்து கிடக்கிறது. வெளிநாடு போன ஒருவரிடம் அப்பா இளவயதில் வாங்கியது. கூடவே ஒரேயொரு ஸ்பூல். அதில் அம்மாவின் குரல் இருக்கிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அம்மாவின் சாவுக்குப் பிறகு அப்பா அதைத் தொட்டதில்லை. நானும் போடச் சொல்லிக் கேட்டதில்லை. கேட்டால் அப்பா மனம் உடைந்துபோவார் என்று சின்னவளாக இருக்கும்போதே எனக்கு நானே முடிவு கட்டியிருந்தேன்.

நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, பிள்ளைக்குச் சோறு ஊட்டி, அவள் தூங்கியதும் கொஞ்ச நேரம் கிடைக்கும். உடுப்புத் தோய்க்கவும் பயிற்சிக் கொப்பி திருத்தவும் அந்த நேரம்தான். அதிலிருந்துதான் களவெடுத்தேன்.

பின்மூடியைக் கழற்றியதும் விளங்கியது. மோட்டரின் சின்னக் கப்பியிலிருந்து கனமான சக்கரம் ஒன்றுக்குப் பெல்ட் போகவேண்டும். அந்தச் சக்கரத்தின் தண்டுதான் ரேப்பைச் சீரான வேகத்தில் இழுக்கிறது. ஸ்பூலைச் சுற்றுவதற்கு இன்னொரு பெல்ட். இரண்டும் பெல்ட்டாகவே இல்லை. எங்கள் உப்புக் காற்றும் வெக்கையும் றப்பரைத் தாராக்கிவிட்டிருந்தன. கப்பியைச் சுற்றிக் கறுப்புப் பசை. விரலால் தொட்டால் விரலோடு வந்தது, விரலை விட்டுப் போகவில்லை.

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைக்கத் தொடங்கினேன். ஒரு பின்னேரத்தில் முடியும் வேலை என்று நினைத்தது வாரக்கணக்கில் இழுபட்டது. நடுவில் ஒரு நாள் பிள்ளை எப்போது எழும்பினாள் என்று தெரியவில்லை. திரும்பிப் பார்க்கிறேன், அவள் கையில் கறுப்புப் பஞ்சு, கடைவாயிலும் கறுப்பு. ஒன்றரை வயது. தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடி வாயைக் கழுவினேன். அவள் கத்திய கத்தலில் அப்பா எழும்பி வந்தார்.

"என்னத்துக்குப் புள்ளய அழவெக்காய்?"

"தாரைத் தின்னுட்டாள் அப்பா."

"நீ மண்ணெண்ணெய் குடிச்ச ஆள். இரிக்காய்தானே."

நான் மண்ணெண்ணெய் குடித்தது எனக்கே தெரியாத கதை. உண்மையா என்று கேட்க ஆளில்லை. அன்று முழுக்கப் பிள்ளையின் மலத்தையும் வாயையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. பிறகும் இரண்டு நாள் பார்த்தேன்.

பெல்ட்டுக்கு அளவு எடுக்கக் கப்பியையும் சக்கரத்தையும் சுற்றி ஒரு தையல் நூலைப் பிடித்து வெட்டினேன். அந்த நூலைக் கொண்டு காத்தான்குடிக்குப் போனேன். தையல் மெஷின் சாமான்கள் விற்கும் கடையொன்றில், எல்லாவகைப் பெல்ட்டும் வைத்திருப்பார்கள் என்றார்கள். கடைக்காரர் நூலைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன டீச்சர், புள்ளைக்கு அரைஞாண் கயிறா?"

"ரேப் ரெக்கோடருக்கு. பழைய ஸ்பூல் ரேப்."

"அல்லாஹ்! அது இன்னும் இரிக்கா? அதுல என்ன கேக்கப் போறீங்க, வாவியில பாடுற மீனையா?"

"அம்மாட குரல்."

அவர் பகிடியை நிறுத்திவிட்டுப் பெட்டி பெட்டியாக இறக்கினார். நூலின் அளவுக்குச் சரியாக ஒன்று பொருந்தியது; ஸ்பூலைச் சுற்றும் பெல்ட்டுக்கும் ஒன்று எடுத்தேன். "எல்லாம் றப்பர்தானே, ஓடும்" என்றார். நானும் நம்பினேன். றப்பர் இழுபட்டு இறுக்கமாக நிற்கவேண்டும், ஆகவே நூலைவிடக் குறைந்த அளவில் வாங்கவேண்டும் என்பது வீட்டுக்கு வந்து மாட்டிய பிறகுதான் உறைத்தது. இதை வகுப்பில் படிப்பிக்கிறவள் நான்.

பெல்ட் வழுக்கினாலும் சக்கரம் சுற்றியது. அப்பாவைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினேன். ரேப் நகர்ந்தது. ஒரு இரைச்சல், பிறகு காகம், பிறகு பாதாளத்திலிருந்து வருவதுபோல ஒரு குரல், இழுத்து இழுத்து.

அப்பா கேட்டார்: "இது ஆம்புளயா பொம்புளயா?"

நான் சிரித்துக்கொண்டே நிறுத்தினேன். நிறுத்திவிட்டுக் குசினிக்குள் போய் அழுதேன். என் அம்மாவின் குரலை முதல்முதல் கேட்ட நாள் அது.

கணவர் தேடி, இந்த வகை இயந்திரத்துக்கென்றே செய்த பெல்ட்டை வெளியிலிருந்து வரவழைத்துத் தந்தார். தட்டையானது, மெல்லியது, அளவு அச்சொட்டு. மாட்டியதும் சக்கரம் சத்தமில்லாமல் ஓடியது. இம்முறை எல்லாம் விளங்கியது. ரேப்பில் இருப்பது பாட்டு இல்லை, பேச்சு இல்லை. மீன் வாங்குவது.

அப்பா சோதித்துப் பார்க்க இயந்திரத்தை ஓடவிட்டிருக்கவேண்டும். வாசலில் சைக்கிள் மீன்காரர். "அக்கோவ், மணலை இரிக்கி, இறால் இரிக்கி!"

"கண்ணப் பாரு தம்பி. முந்தாநாள் செத்த மீன், என்னய முழிச்சுப் பாக்குது."

"அது உங்களக் கண்டு பயத்தில முழிக்கிது அக்கா."

ஒரு பெண்ணின் சிரிப்பு. கிட்ட வரும் காலடி. "இஞ்சேருங்க, மணலை வாங்கட்டா, இறால் வாங்கட்டா? கேக்கிறன்தானே, வாயில என்ன, கொழுக்கட்டையா? என்ன இது சுத்துது? ஐயோ, நான் கதைச்சதெல்லாம் இதுக்குள்ள போட்டுட்டீங்களா? நிப்பாட்டுங்க!"

அவ்வளவுதான். டக் என்று ஒரு சத்தம். மிச்ச ரேப் முழுக்க இரைச்சல்.

அப்பாவைப் பார்த்தேன். அவர் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாக் கதைக்கிறா. ஆரிது?"

"அப்பா, அம்மா."

"இது அவ இல்ல. இவவுக்குத் தொண்டை கட்டியிரிக்கி. அவட குரல் இப்பிடியா இரிக்கும்?"

பிறகு எழும்பிச் சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டு கேற்றடிக்குப் போனார்.

அன்றிரவு முழுக்க எனக்குள் இரண்டு பேர் சண்டை பிடித்தார்கள். இனி ஆஸ்பத்திரிதான் என்றாள் ஒருத்தி. பெல்ட் புதிது, இயந்திரம் பழையது, வேகம் சரியென்று எப்படித் தெரியும் என்றாள் மற்றவள். சித்தாண்டியிலிருந்து சின்னம்மாவை வரச்சொன்னேன். அம்மாவின் கூடப்பிறந்தவர், அவருக்குத் தெரியும். சின்னம்மா காகம் கரையும்போதே அழத் தொடங்கிவிட்டார். "அக்காதான், அக்காதான்." அவர் கண்ணைத் துடைக்கும் நேரத்தில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, காத்தான்குடியில் வாங்கிய வழுக்கல் பெல்ட்டை மாட்டிப் போட்டேன். அதற்கும் அழுதார். "அக்காதான் புள்ள. அச்சொட்டு." சின்னம்மாவின் சாட்சி எனக்கு உதவவில்லை. ரேப்பில் வேறு சத்தம் ஏதும் இருக்கிறதா, அதை வைத்து வேகத்தைப் பிடிக்கலாமா என்றும் பார்த்தேன். காகம் எந்த வேகத்தில் ஓடினாலும் காகமாகத்தான் கரைகிறது.

கணவர் அதைக் கைப்பேசியில் பதிந்து, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி ஒன்றில் போட்டார். திரையில் ஒரு கோடு. விரலால் இழுக்க இழுக்க அம்மா பள்ளிக்கூடப் பிள்ளை ஆனார், கிழவி ஆனார், இடையில் எத்தனையோ பெண்கள் ஆனார். எதில் நிறுத்துவது? அப்பாவிடம் நீட்டியபோது கைப்பேசியைக் காதில் வைத்து, "ஹலோ, ஹலோ" என்றார். பிறகு என்னிடம் கேட்டார்: "ஆளு வெளிநாட்டிலயா?" சுற்றும் ஸ்பூலைக் கண்ணால் பார்த்தால்தான் அவருக்குக் காது கேட்கிறது என்று விளங்கிக்கொண்டோம்.

ஒரு சனிக்கிழமை நான் பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கப்பியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்பா கிணற்றடியிலிருந்து வந்தவர் நின்று பார்த்தார்.

"இதென்ன பெல்ட்டு, பாவாடை நாடா மாதிரி?"

"இதுதான் அப்பா, இதுக்குரிய பெல்ட்."

"ஆர் சொன்ன? நான் இதுக்குச் சைக்கிள் டியூப்தானே வெட்டிப் போட்ட. அந்த நாளையில பெல்ட்டுக்கு எங்க போற? சண்டையில றோட்டெல்லாம் அடைச்சுக் கிடந்த காலம். நெருப்புப் பெட்டியே இல்ல, இவ பெல்ட்டுக் கேக்கிறா."

"எப்ப அப்பா? அம்மாட குரல் பிடிக்கும்போதா?"

"பின்ன?" என்றார். துவாயை உதறிக் கொடியில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

நான் கழற்றி வைத்த பெல்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். டியூப் றப்பர் தடித்தது. தடித்த பெல்ட் ஏறினால் மோட்டரின் சின்னக் கப்பி பெருத்ததுபோல் ஆகும், சக்கரம் வேகமாக ஓடும். வேகமாக ஓடிய இயந்திரத்தில் பதிந்த குரலைச் சரியான பெல்ட்டில் ஓடவிட்டால் குரல் இறங்கி, தடித்து, தொண்டை கட்டியதுபோலத்தான் வரும். அப்படியென்றால் அப்பா சொன்னது சரி. அவருடைய காது, நினைவு எல்லாம் சரி. பிழையான பெல்ட்டில் பதிந்த குரலுக்கு நான் சரியான பெல்ட்டைப் போட்டிருக்கிறேன்.

கணவர் வந்ததும் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் கேட்டார்: "மாமா இதுக்குத்தான் டியூப் போட்டவரா? வேற எதுக்கும் போட்டதை நினைச்சுச் சொல்றாரா?" அவர் கேட்டதில் குற்றமில்லை. தண்ணீர் இறைக்கும் மெஷினுக்கும் அப்பா டியூப் வெட்டிப் போட்டவர்தான். அப்பாவிடமே திரும்பக் கேட்டோம். "டியூப்பா? என்ன டியூப்?" என்றார். சிறிது நேரம் கழித்து, "இந்த வீட்டில நான் சொல்றத ஆர் நம்பிற?" என்று கோபித்துக்கொண்டார்.

சைக்கிள் திருத்தும் கடையில் தேய்ந்த டியூப்புகள் வாங்கிவந்தேன். டியூப்பைக் குறுக்கே வளையமாக வெட்டினால் சக்கரத்துக்குப் போதாது. நீளவாட்டில் கீலமாக வெட்டி, முனைகளைச் சாய்வாகச் சீவிப் பசை வைத்து ஒட்டவேண்டும். ஒட்டிய இடம் கப்பியில் ஏறும்போதெல்லாம் குரல் விக்கியது. சீவியது கூடினால் அறுந்தது. ஒரு டியூப் மற்றதன் தடிப்பில் இல்லை. ஒரே டியூப்பிலும் ஒரு பக்கம் மற்றப் பக்கம்போல் இல்லை. திருத்தாத கொப்பிகள் மேசையில் குவிந்தன. பிள்ளைக்குப் பல் முளைக்கும் காய்ச்சல். ஒரு கையில் அவளை வைத்துக்கொண்டு மற்றக் கையால் றப்பர் சீவினேன். எனக்கு என்ன நடக்கிறது என்று கணவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லதோ என்றும் நினைத்திருக்கிறேன்.

ஒவ்வொரு பெல்ட்டுக்கும் அப்பாவை இருத்தினேன். "இல்ல." "இதுவும் இல்ல." "கிட்ட வருது." கிட்ட வருது என்றால் என்ன அர்த்தம் என்று அன்று முழுக்க யோசித்தேன்.

பிறகு ஒரு பின்னேரம், சிவப்பு நிறத்தில் தடித்த டியூப் ஒன்றில் வெட்டியதைப் போட்டேன். குரல் உயர்ந்து, கணீரென்று வந்தது. மீன்காரர் பொடியன் ஆகிவிட்டார். அம்மா கேட்டார்: "இஞ்சேருங்க, மணலை வாங்கட்டா, இறால் வாங்கட்டா?"

"மணலை" என்றார் அப்பா. அவர் என்னைப் பார்க்கவில்லை, ஸ்பூலைப் பார்த்தார். "மாங்காய் போட்டு ஆணம் வையுங்க. இறால் எனக்கு மேலெல்லாம் கடிக்கும்."

அன்று அவர் சட்டை போடவில்லை. கேற்றடிக்குப் போகவில்லை. பொழுது பட்டு விளக்கு வைக்கும்வரை அந்தக் கதிரையிலேயே இருந்து, பிள்ளைக்குக் கைதட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். நான் மணலை வாங்கி ஆணம் வைத்தேன். சாப்பிட்டார். நானும் பல நாளைக்குப் பிறகு ருசி தெரிந்து சாப்பிட்டேன்.

மறுநாள் அதே பெல்ட், அதே நேரம், அதே கதிரை. நான் ஒரு ஆணியையும் தொடவில்லை.

அப்பா கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். "ஆர் புள்ள இந்தப் பொம்புள? மீன்காரனோட இப்பிடிக் கதைக்கிறா. புரிசன் ஒண்டும் சொல்றல்லயா?" பிறகு எழும்பினார். "வீட்ட போவமா?"

இரவுக்குள் றப்பர் இழுபட்டிருக்கலாம். வெக்கைக்கு டியூப் தளரும், வேகம் மாறும், அது எனக்குத் தெரியும். முதல்நாளுக்கும் மறுநாளுக்கும் குரலில் ஒரு மயிரளவு வித்தியாசம் இருந்ததாகவும் தோன்றுகிறது. இல்லாததுபோலவும் தோன்றுகிறது. அல்லது முதல்நாள் அவர் சொன்ன "மணலை"யும் தற்செயலாக இருக்கலாம். மீனைப் பற்றி யார் கேட்டாலும் அப்பா மணலை என்றுதான் சொல்லுவார்.

பிறகும் போட்டேன். சில நாள் மறுமொழி சொல்கிறார், சில நாள் அந்நியப் பெண் என்கிறார். அந்நியப் பெண் என்ற நாட்களில் கேற்றடியில் நெடுநேரம் நிற்கிறார். கூட்டி வர என்னால் முடிவதில்லை. இன்னொன்றும் நடக்கிறது. ஒவ்வொரு தடவையும் ரேப்பின் மண்ணிறப் பூச்சு உதிர்ந்து, உரசும் இடத்தில் தூளாகச் சேர்கிறது. துடைத்த பஞ்சில் அந்த மண்ணிறத்தைப் பார்க்கும்போது அம்மாவைத்தான் துடைக்கிறேன் என்று படுகிறது. கைப்பேசியில் பிரதி இருக்கிறது, உண்மை. ஆனால் அப்பா மறுமொழி சொல்வது இந்த ரேப்புக்கு மட்டும்தான். இது தீர்ந்தால் அவர் மறுமொழி சொல்ல வேறு குரல் இல்லை.

ஆஸ்பத்திரியில் நாள் குறித்துவிட்டோம். வரும் மாதம். நெருங்கியவர்களை அடையாளம் தெரிகிறதா என்று வைத்தியர் கேட்பார். ஓம் என்று சொன்னாலும் பொய்போல இருக்கும், இல்லை என்று சொன்னாலும் பொய்போல இருக்கும். பெல்ட்டைப் பற்றிய கதையை அவரிடம் எப்படித் தொடங்குவது என்றும் தெரியவில்லை.

இப்போது இயந்திரத்தை மூடி வைத்திருக்கிறேன். பின்னேரங்களில் அப்பா அந்தக் கதிரையில் வந்து இருந்து மூடியைப் பார்க்கிறார், பிறகு என்னைப் பார்க்கிறார். போடச் சொல்லிக் கேட்பதில்லை.

இதை வாசிப்பவர்களில் இப்படியான இயந்திரங்களோடு பழகியவர்கள் இருப்பீர்கள். எந்த வேகத்தில் பதிந்தது என்று தெரியாத ரேப்பின் வேகத்தைக் கண்டுபிடிக்க வழி ஏதும் உண்டா? தளராத றப்பர் எங்கே கிடைக்கும்? இப்படியான தகப்பனையோ தாயையோ வீட்டில் வைத்துப் பார்த்தவர்களும் இருப்பீர்கள். உங்களிடம் கேட்பது வேறு. உதிர்ந்து முடியும்வரை தினமும் போடவா, அவர் மறுமொழி சொல்லும் சில நாட்களுக்காக? அல்லது அவர் கேற்றடியில் நிற்கும் மற்ற நாட்களை நினைத்து இத்தோடு நிறுத்தவா? என்னால் முடிவெடுக்க முடியவில்லை. நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.